இருபத்து மூன்று புக்கிங் காசு

பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகிற ரோட்டில், ஏழாம் மைல் கட்டைக்கு மேலே இருக்கிற வெள்ளப்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞானசீலனின் குரலில்தான் விடியும். மற்ற நாட்களில் அவர் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் பச்சைக் கொழுந்தை வாடப்போடுகிற மாடியில் வேலை செய்கிற சாதுவான ஆள். ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை பேசமாட்டார். ஞாயிறு காலையில் பசறைக் கந்தப்பன் முதலாளியின் ஆட்டோவில் பின்சீட்டில் ஏறி மைக்கைக் கையில் வாங்கினாரென்றால் வேறு மனிதர். கோயில் திருவிழாவா, கடைத் திறப்பா, தொலைந்துபோன மாடா, எதுவானாலும் அவர் சொன்னால் அதற்கு ஒரு களை வந்துவிடும். ஆட்டோ வளைவுகளில் திரும்பத் திரும்ப, அவருடைய குரல் ஒரு மலையில் மோதி அடுத்த மலைக்குப் போகும். லயத்து வரிசை வீடுகளில் பெண்கள் ரொட்டி தட்டிக்கொண்டே, "லூசியா வீட்டுக்காரர் வாறார்" என்பார்கள்.

வடக்கில் நடந்த சண்டை நின்று ஒரு வருசத்துக்கு மேலாகியிருந்த 2003ஆம் ஆண்டு அது. சோதனைச் சாவடிகளில் இறங்கி நடக்கவேண்டிய தொல்லை போய், ரோட்டில் வெளியூர் பஸ்களெல்லாம் ஓட ஆரம்பித்திருந்தன. அந்த ஜூலைக் கடைசியில் ஞானசீலனின் வாயில் புதிதாக ஒரு செய்தி வந்தது. ஓகஸ்ட் கடைசி ஞாயிறு, பின்னேரம் மூன்று மணிக்கு, பதுளையில், சென்னையிலிருந்து முழு வாத்தியக் குழுவோடு பாடகி இந்துகலா பாடப்போகிறார்.

கொழுந்து மலையில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. இந்துகலாவை யாரும் பார்த்ததில்லை. ஆனால் குரல் எல்லோருக்கும் தெரியும். காலை ரேடியோவில் அவர் பாட்டு வந்தால் பெரட்டில் பேர் கொடுக்கப் பிந்தினாலும் பரவாயில்லை என்று நின்று கேட்டுவிட்டுத்தான் கூடையைத் தலையில் மாட்டுவார்கள். லூசியாவுக்கு அந்தக் குரல்மேல் தனிப் பிரியம். மாதா கோயில் பாடகர் குழுவில் அவள்தான் முதல் குரல். நாற்பது வயதாகியும் மேல் ஸ்தாயிக்கு அவளை விட்டால் ஆளில்லை. மலையில் பக்கத்து நிரையில் நின்ற நல்லம்மாதான் முதலில் சொன்னாள்.

"ஏ லூசி, நாம ஒருக்காப் போயிப் பாத்தா என்ன? செத்தா சொர்க்கத்துல பாட்டு கேக்கலாம்னு ஒங்க சாமியார் சொல்லுவாரு. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல."

நல்லம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது. இன்னும் சில மாதங்களில் வேலையிலிருந்து ஓய்வு. பசறையைத் தாண்டி அவள் போனது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். அவள் போகலாம் என்றதும் லூசியாவோடு சேர்த்து அந்தக் கேங்கில் இருந்த இருபத்து மூன்று பெண்களும் போகலாம் என்றார்கள். டிக்கெட் நூற்றைம்பது ரூபாய். ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் கூலியாக, அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்த காலம். இருந்தாலும், ஒரு நாள் வேலை செய்தது நமக்காக என்று வைத்துக்கொள்ளலாம் என்று லூசியா சொன்னது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. சம்பள நாளன்று இருபத்து மூன்று பேரின் காசும் அவள் கையில் சேர்ந்தது. அவள் அதை ஒரு கைலேஞ்சியில் முடிந்து ஜம்பர் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சனிக்கிழமை பஸ்ஸில் பசறைக்கு இறங்கினாள்.

கந்தப்பனின் கடை பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே. போட்டோ கொப்பி, லொத்தர் சீட்டு, கெசட்டு, கல்யாணக் காட் எல்லாம் அங்கேதான். முக்கியமாக அங்கேதான் ஃபோன். லூசியாவின் மகன் கெவின் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தான். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அந்தக் கடைக்குத்தான் ஃபோன் எடுப்பான். பேசுவதற்கு அவன் அங்கே காசு கட்டினால், கேட்பதற்கு இவர்கள் இங்கே கட்டவேண்டும். ஏனென்று யாரும் கேட்டதில்லை. வேறு ஃபோன் இல்லை.

கந்தப்பன் கெட்ட மனிதர் அல்ல. பிள்ளைகளுக்கு டொஃபி கொடுப்பார். வயதானவர்களை உட்காரச் சொல்வார். அன்றைக்கும் லூசியாவைப் பார்த்துச் சிரித்து, இருபத்து மூன்று டிக்கெட் என்றதும் மேசை லாச்சியைத் திறந்து புத்தகத்தை எடுத்து, கல்குலேட்டரைத் தட்டி, நாலாயிரத்து முந்நூற்று எழுபது என்றார்.

லூசியா கொண்டுவந்தது மூவாயிரத்து நானூற்றைம்பதும் பஸ் காசும். கணக்குப் பிழைத்துவிட்டது என்று நினைத்தாள். பிழைக்கவில்லை. டிக்கெட் நூற்றைம்பது, புக்கிங் சார்ஜ் நாற்பது என்றார் கந்தப்பன். கதிரை நம்பர் எழுதவேண்டும், பதுளைக்கு ஃபோன் பண்ணி உறுதி செய்யவேண்டும், கடை வாடகை இருக்கிறது என்று விரல் விட்டுச் சொன்னார். லூசியா பொறுமையாகக் கேட்டாள். பிறகு, இருபத்து மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு ஃபோன்தானே பண்ணுவீர்கள் என்றாள். ஆமாம் என்றார்.

"ஒரு ஃபோனு, ஒரு பேனா, ஒரு ரசீது. அதுக்கு இருவத்தி மூணு தடவ புக்கிங் காசா மொதலாளி?"

"தலைக்கு நாப்பது. அதான் தங்கச்சி ரூலு."

"யாரு போட்ட ரூலு?"

"நான் போட்டதுதான். பிடிக்கலேன்னா வேற எடத்துல வாங்கிக்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "பசறையில இருந்து லுணுகல வரைக்கும் வேற எடம் கெடையாது. டிக்கெட்டு நம்மகிட்ட மட்டும்தான். கேட்டுல அன்னைக்கு விக்கவும் மாட்டாங்க."

லூசியாவுக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். அவள் கைலேஞ்சியை மறுபடி முடிந்தாள். கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. இந்தப் பெண்களுக்கு நான் என்ன பதில் சொல்வது என்ற யோசனைதான் அவளுக்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தாள். திரும்பிப் பார்த்தால் பின்னால் நின்றவர்களில் மூன்று பேர் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் டெய்லர், ஒருவர் பள்ளிக்கூடத்து வாத்தியார். நீங்கள் கேட்டது சரிதானம்மா என்றார் வாத்தியார்.

மறுநாள் ஞாயிறு. ஞானசீலன் வழக்கம்போல ஆட்டோவில் வந்தார். வெள்ளப்பாறை லயங்களுக்குக் கீழே வரும்போது, "இன்றே முந்துங்கள், உங்கள் ஆசனங்களை இப்போதே உறுதி செய்யுங்கள்" என்ற இடத்தில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் நின்ற பெண்கள் கெக்கலித்துச் சிரித்தார்கள். முந்தின ராத்திரி சாப்பாட்டின்போதே லூசியா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் ரொட்டியைச் சம்பலில் பிரட்டிக்கொண்டே, எனக்கு மைக்கில் கொடுக்கிறதைத்தான் நான் சொல்கிறேன் என்றார். அப்படியென்றால் நாற்பது ரூபாயையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றாள் லூசியா. அவர் இன்னொரு ரொட்டியை எடுத்தார்.

அன்று பின்னேரம் நான்கு மணிக்கு இருவரும் கெவினின் ஃபோனுக்காகக் கடையில் போய் நின்றார்கள். கந்தப்பனுக்கு அதற்குள் விசயம் எட்டியிருந்தது. லூசியா விட்டுப்போன டிக்கெட்டைவிட, அவளைப் பார்த்து மற்றவர்கள் போனதுதான் அவருக்கு உறுத்தியது. ஞானசீலனைக் கூப்பிட்டு, ஊரையெல்லாம் வா வா என்கிற வாய்க்குச் சொந்தக்காரனின் பெண்சாதி போகாதே போகாதே என்கிறாள், இதில் எதை நான் நம்ப என்று கேட்டார். அடுத்த ஞாயிறு நீ வரவேண்டாம், என் மருமகன் பேசுவான் என்றார். ஃபோன் அடித்தது. கந்தப்பன் எடுத்தார். டிக்கெட் விசயமாகப் பதுளையிலிருந்து பேசுகிறார்கள் என்று சொல்லி, வேண்டுமென்றே இழுத்து இழுத்து இருபது நிமிசம் பேசினார். வைத்த பிறகு மணி ஐந்து வரை ஃபோன் அடிக்கவில்லை. லைன் கிடைக்காமல் கெவின் விட்டிருப்பான்.

கடைசி பஸ்ஸில் வரும்போது ஞானசீலன் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மைக் போனது அவருக்குப் பெரிய அடி. லூசியாவுக்கு அது தெரியும். ஆனால் அவள் மனது கெவினில் இருந்தது. இரண்டு வாரமாக அவனுக்கு இருமல் என்று சொல்லியிருந்தான்.

"அந்த ஆளுகிட்ட போயி மன்னிப்புக் கேக்கவா?" என்றாள்.

ஞானசீலன் அவள் பக்கம் திரும்பினார். "நீ என்ன தப்பா கேட்ட? ஒரு பேனான்னு கேட்ட. ஒரு பேனாதானே வச்சிருக்காரு."

வீட்டுக்குப் போன பிறகுதான் அவள் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசை ஒழுங்காகப் படித்தாள். ஞானசீலன் பசை மிஞ்சியதில் தங்கள் காம்பரா அறைக்குள்ளேயே ஒன்று ஒட்டியிருந்தார். பதுளையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கூரை போட நிதி சேர்க்கிற சபைதான் நிகழ்ச்சியை நடத்துகிறது. கீழே பொடி எழுத்தில், செயலாளர் வி. கனகசபை, கச்சேரி, பதுளை என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை அரைப் பேரை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் பதுளைக்குப் பஸ் ஏறினாள். கங்காணி எங்கே போகிறாய் என்று கேட்டதற்குக் கச்சேரிக்கு என்றாள். பாட்டுக் கச்சேரிக்கு இன்னும் நாலு வாரம் கிட்ட இருக்கிறதே என்றார் அவர். அவள் சொன்னது அரசாங்க அலுவலகமான கச்சேரிக் கந்தோரை. அது விளங்கி மலையே சிரித்து முடிப்பதற்குள் அவள் ரோட்டுக்கு வந்துவிட்டாள்.

கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக்கு மாற்றலாகி வந்து பத்தொன்பது வருசம். தலை முழுக்க நரைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு, கோப்புகளுக்கு நடுவே அவர் இருந்தார். ஒரு தோட்டத்துப் பெண் டிக்கெட் விசயமாகத் தன்னைத் தேடி வந்தது அவருக்குப் புதுமை. கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். லூசியா நுனியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

"புக்கிங் காசோ? என்ன புக்கிங் காசு? நாங்கள் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே" என்றார் அவர். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு வந்தது. ஒரு கோப்பை எடுத்துப் புரட்டினார். "முந்நூறு டிக்கெட் குடுத்தனாங்கள். இண்டைக்கு வரைக்கும் நாப்பத்தொண்டுதான் போயிருக்கு. பசறைப் பக்கத்துச் சனத்துக்குப் பாட்டில விருப்பமில்லையாக்கும் எண்டு நான் நினைச்சன்."

"விருப்பம் இருக்குங்கய்யா. நாப்பது ரூவாதான் இல்ல."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. ஒரு கடிதத்தைக் காட்டினார். சபை கையெழுத்து வைத்துக் கொடுத்தது. பசறை தொடக்கம் லுணுகலை வரை கதிரை டிக்கெட்டுகளைக் கந்தப்பனைத் தவிர வேறு யாரும் விற்கக்கூடாது என்று அதில் இருந்தது. ஓரிடத்தில் கொடுத்தால் தலையிடி குறையும் என்று செய்துவிட்டார்களாம். மேலே காசு வாங்குவார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கையெழுத்து வைத்த கடிதத்தை மீறினால் அந்த ஆள் கோட்டுக்குப் போவான் என்று கனகசபை கவலையோடு சொன்னார்.

லூசியா அந்தக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஐயா, இதுல கதிரைன்னுதானே போட்டிருக்கு?"

"ஓம்."

"நாங்க கதிரை கேக்கலங்க. வெடிஞ்சா பொழுதுபோனா மலையில நின்னுக்கிட்டே இருக்கவங்க நாங்க. ஒக்கார தரை கெடைச்சாப் போதும். முந்தியெல்லாம் தியேட்டர்ல தரை டிக்கெட்டு இருந்துச்சில்ல, அந்த மாதிரி."

கனகசபை பேனாவை மேசையில் வைத்தார். மேடைக்கும் முதல் வரிசைக் கதிரைக்கும் நடுவே முப்பது அடி நிலம் சும்மா விட்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. தரையில் இருப்பவர்கள் கதிரையில் இருப்பவர்களுக்கு மறைக்கவும் மாட்டார்கள். அங்கேயே இரண்டு இடத்துக்கு ஃபோன் பண்ணினார். ஒருவர், பிரமுகர்களுக்கு முன்னால் எப்படி என்று இழுத்திருக்கவேண்டும். "பிரமுகர் ஆரெண்டு எனக்குத் தெரியும். எல்லாரும் ஓசி டிக்கெட்" என்று கனகசபை சொன்னது லூசியாவுக்குக் கேட்டது. பிறகு அவளுக்குப் பால் சேர்க்காத சாயத்தண்ணி வந்தது. குடித்து முடிப்பதற்குள் தரை டிக்கெட் நூறு ரூபாய் என்று முடிவாகியிருந்தது. வெள்ளிக்கிழமை அச்சாகும், ஏழாம் கட்டை பஸ்ஸில் நூற்றைம்பது டிக்கெட் அனுப்புகிறேன், விற்றுவிட்டுக் காசைக் கொண்டுவாருங்கள், உங்களை நம்புகிறேன் என்றார்.

"என்னய எப்பிடிங்கய்யா நம்புறீங்க? இன்னைக்குத்தானே பாத்தீங்க."

"அரை நாள் சம்பளத்தை விட்டுப்போட்டு, புக்கிங் காசு ஏன் எண்டு கேக்க வந்த ஆளை நான் இந்தக் கந்தோரில பத்தொன்பது வருசத்தில காணேல்லை" என்றார் அவர்.

டிக்கெட் வந்த சனிக்கிழமையிலிருந்து லூசியா வீட்டு இஸ்தோப்பில் திருவிழாதான். இருபத்து மூன்று பேருக்கும் ஆளுக்கு ஐம்பது ரூபாய் திரும்பக் கிடைத்தது. நல்லம்மா அந்த ஐம்பதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். லூசியா, பதுளைக்குப் போய்வந்த பஸ் காசு நாற்பத்தாறு ரூபாய், ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாள். அதைக் கொடுக்க யாரும் முகம் சுளிக்கவில்லை. எதற்கு என்று தெரிந்து கொடுக்கிற காசு அது.

செய்தி தோட்டத்தின் மேல்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும், அடுத்த தோட்டத்துக்கும் போயிற்று. வேலை விட்டு வந்து லூசியா கூடையை இறக்குவதற்குள் வாசலில் ஆள் நிற்கும். முதல் இரண்டு நாள் அவளுக்கு அது பிடித்திருந்தது. லூசியா அக்கா, லூசியா அம்மா என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். மேல்பிரிவிலிருந்து ஒருவர் வந்து, மேடைக்குக் கிட்டே பத்து டிக்கெட் எனக்கு ஒதுக்கிவை, டிக்கெட்டுக்கு இருபது ரூபாய் அதிகமாகத் தருகிறேன் என்றார். நல்லம்மாவே, வாங்கிக்கொள்ளடி, நீதானே அலைந்தாய் என்றாள். இருநூறு ரூபாய். கெவினின் மருந்துக்கு அனுப்பலாம். லூசியா உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளைக்கு வாருங்கள் என்றாள்.

அன்று சாயங்காலம் அடுத்த தோட்டத்துப் பெண் ஒருத்தி மூன்று மைல் நடந்து வந்திருந்தாள். லூசியா குளித்துவிட்டு வரும்வரை இஸ்தோப்பில் உட்காராமல், கையில் நூறு ரூபாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கிடைக்குமோ கிடைக்காதோ என்று உள்ளே எட்டிப் பார்த்தபடி நின்றாள். லூசியா தலையைத் துவட்டிக்கொண்டே அவளைப் பார்த்தாள். கந்தப்பன் கடைப் படியில் தான் நின்றது அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தாள். அந்தப் பெண்ணுக்கு டிக்கெட்டைக் கொடுத்துச் சாயத்தண்ணியும் கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் மீதியிருந்த டிக்கெட்டை மூன்றாகப் பிரித்தாள். ஒரு பங்கை நல்லம்மாவிடம் கொடுத்து, கீழ்ப்பிரிவு லயத்தில் வைத்து விற்கச் சொன்னாள். இன்னொன்றை ஏழாம் கட்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்த நபீலாவிடம் கொடுத்தாள். மேல்பிரிவுக்காரர் வந்தபோது, மூன்று இடத்தில் இருக்கிறது, எங்கே வாங்கினாலும் நூறுதான் என்றாள். அவர் நூறு ரூபாய்க்கே பத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு சந்தோசமாகப் போனார்.

நபீலாவுக்கு அதில் ஒரு நன்மை. டிக்கெட் வாங்க வருகிறவர்கள் கருவாடும் சீனியும் வாங்கினார்கள். கூரையில் ஏரியல் கம்பம் நட்ட கம்பியில்லாத ஃபோன் ஒன்று எடுக்க வேண்டுமென்று அவள் நெடுநாளாக நினைத்திருந்தாள். இவ்வளவு சனம் வருகிறதைப் பார்த்து அந்தக் கிழமையே எடுத்துவிட்டாள். லூசியா கெவினின் கடைக்கு எடுத்து நம்பரைச் சொல்லிவைத்தாள். ஞாயிறு நான்கு மணிக்குக் கெவின் அந்த ஃபோனுக்குப் பேசினான். இருமல் போய்விட்டது என்றான். கேட்பதற்கு நபீலா காசு வாங்கவில்லை. பேசுகிறவர் கட்டிவிட்டாரே, கேட்கிறவர் எதற்குக் கட்ட என்றாள்.

கந்தப்பன் பக்கத்தில் நிலைமை வேறாக இருந்தது. அவருடைய மருமகன் மைக்கில் பேசியது ஒருவருக்கும் விளங்கவில்லை. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஏழாம் கட்டையில் இரண்டு பேர் குடையோடு வெளியே வந்தார்களாம். இரண்டாவது ஞாயிறே ஆள் அனுப்பி ஞானசீலனைக் கூப்பிட்டுக்கொண்டார். ஞானசீலன் போவதா வேண்டாமா என்று லூசியாவைப் பார்த்தார். போங்கள், மைக் இல்லாமல் நீங்கள் இரண்டு கிழமையாகத் தூக்கத்தில் பேசுகிறீர்கள் என்றாள் அவள்.

போனார். "புக்கிங் கட்டணம் இப்போது இருபது ரூபாய் மட்டுமே" என்று அறிவித்தார். நடுவில் புதன்கிழமை சந்தை நாளன்று அது பத்தாயிற்று. அடுத்த ஞாயிறு, "புக்கிங் கட்டணம் முற்றிலும் இல்லை, டிக்கெட் வாங்குவோர் அனைவருக்கும் அழகிய கலண்டர் ஒன்று இலவசம்" என்று வந்தது. ஓகஸ்ட் முடியப்போகிற நேரத்தில் எதற்குக் கலண்டர் என்று சனம் சிரித்தது. ஆனால் நாற்பது ரூபாய் போனதால் டவுன் ஆட்கள் கதிரை டிக்கெட்டும் வாங்கத் தொடங்கினார்கள். படியிறங்கிப் போன வாத்தியார் குடும்பத்தோடு நாலு டிக்கெட் எடுத்தார். ஞானசீலன் கொடுத்ததைக் கொடுத்தபடி மைக்கில் சொன்னார். லயங்களுக்குக் கீழே வந்தால் மட்டும் மைக்கை அணைத்துவிட்டு, வெறும் வாயால், "தரை டிக்கெட்டு நம்ம வீட்ல இருக்கு" என்பார். அவர் குரலுக்கு மைக் வேண்டியதில்லை. ஆட்டோ ஓட்டுகிறவன் கேட்டும் கேளாதவன் மாதிரி இருந்தான். அவனுடைய அம்மாவும் தரை டிக்கெட் வாங்கியிருந்தாள்.

நிகழ்ச்சி நாளன்று மதியம் வெள்ளப்பாறைக்காரர்கள் தோட்டத்து லொறியில் ஏறினார்கள். நல்லம்மா வெற்றிலைப் பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு, வளைவுக்கு வளைவு மாரியம்மனையும் மாதாவையும் மாறி மாறிக் கூப்பிட்டாள். சோற்றுப் பொட்டலமும் போத்தலில் தேத்தண்ணியும் இருந்தன. உட்காருவதற்குக் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைத் துவைத்துக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். பதுளையில் வெயிலும் காற்றும். மைதானத்துப் புல் சுத்தமாக இருந்தது. மேடைக்கு முன்னால் நூற்றைம்பது பேர் படங்கு விரித்து உட்கார்ந்தபோது, பின்னால் கதிரையில் இருந்த பிரமுகர்கள் சிலர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மேடைக்கு இவ்வளவு கிட்டே அவர்களுக்கே இடமில்லை.

இந்துகலா ரேடியோவில் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார். கிளிப்பச்சைச் சேலை. கும்பிட்டுவிட்டு மைக்குக் கிட்டே வந்தார். வாத்தியங்கள் ஓய்ந்த நொடியில், பாட்டுக்கு முன்னால் அவர் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் லூசியாவுக்குக் கேட்டது. ரேடியோவில் அது ஒரு நாளும் கேட்டதில்லை. கோயிலில் மேல் ஸ்தாயிக்குப் போகுமுன் தான் இழுக்கிற அதே மூச்சு. அவளும் கூடவே மூச்சை இழுத்தாள். பக்கத்தில் ஞானசீலன் மைக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறார் பார், எச்சில் சத்தமே வரவில்லை என்று அவள் காதில் சொன்னார்.

நாலாவது பாட்டில் இந்துகலா மேடையை விட்டு இறங்கித் தரையில் இருந்தவர்களிடம் வந்து மைக்கை நீட்டினார். நல்லம்மாவிடம்தான் அது வந்தது. அவள் வெட்கப்படுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, சுருதி ஒரு பக்கம் தான் ஒரு பக்கமாக அந்த அடியை முழுதாகப் பாடி முடித்தாள். மைதானமே கை தட்டியது. இந்துகலா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையில் கொழுந்துக் கறை ஏறியிருந்ததைப் பார்த்து, திருப்பி உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். நல்லம்மா பிறகு முழு நிகழ்ச்சியும் அந்தக் கையை மடியில் தனியாக வைத்துக்கொண்டே இருந்தாள்.

வெயில் சாயும்போது எல்லாம் முடிந்தது. கனகசபை லொறிவரை வந்து, கூரைக்குப் போதுமான காசு வந்துவிட்டது என்று லூசியாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் கந்தப்பன் வந்தார். வெள்ளைச் சட்டையில், கொஞ்சம் தயங்கி நின்றார். அன்றைக்கு ஃபோனில் செய்தது சரியில்லை என்றார். கெவின் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். நன்றாக இருக்கிறான் என்றாள் லூசியா. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த மாசம் பண்டாரவளைக்கு ஒரு நாடகம் வருது தங்கச்சி. யாரு கேட்டாலும் டிக்கெட்டு குடுக்கிறாங்களாம், கமிசனும் இருக்கு. நாம ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டா ரெண்டு பேருக்கும் நட்டம். டவுன நான் பாத்துக்கிறேன். தோட்டத்த நீ பாத்துக்க. நீ டவுனுக்கு வராத, நான் தோட்டத்துக்கு வரல. அப்புறம் நீ பத்து ரூவா கூட வச்சாலும் ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

லொறியில் ஏறியிருந்த பெண்கள் பக்கப் பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். லூசியா படங்கை மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"கேக்கமாட்டாங்க மொதலாளி. கேக்க எடம் இருக்காதில்ல" என்றாள். "அது வேணாம். நீங்களும் லயத்துக்கு வாங்க. நானும் டவுனுக்கு வாறேன். சனம் பாத்து வாங்கட்டும்."

கந்தப்பன் அவளைப் பார்த்தார், லொறியைப் பார்த்தார். அவள் வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார்.

செப்டெம்பரில் ஒரு ஞாயிறு. மைக் வேலை முடிந்து வந்து ஞானசீலன் இஸ்தோப்பில் கண்ணாடியைத் தொங்கவிட்டு முகம் வழித்துக்கொண்டிருந்தார். கீழே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கந்தப்பன் முதலாளி லயத்துப் படிகளில் மூச்சு வாங்கியபடி ஏறி வந்தார். அவர் அந்த லயத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை. கையில் பண்டாரவளை நாடகத்து டிக்கெட் புத்தகம். ஞானசீலன் முகத்துச் சோப்போடு எழுந்து பெஞ்சைத் துடைத்துப் போட்டார். கந்தப்பன் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காற்று வாங்கிக்கொண்டு, லூசியா எங்கே என்று கேட்டார்.

"பசறைக்குப் போயிருக்குங்க மொதலாளி."

"என்ன வெசயமா?"

ஞானசீலன் தாடையிலிருந்த சோப்பைத் துவாயால் துடைத்தார். "ஒங்க கடைக்கு எதிர்ல நின்னு டிக்கெட்டு விக்க."

கந்தப்பன் சட்டைப் பொத்தானைத் திரும்பப் பூட்டினார். பக்கத்துக் காம்பராக்களிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். கீழ்ப்பிரிவுப் பாதையில் நல்லம்மா ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தாள். கந்தப்பன் மடியில் புத்தகத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார். பிறகு ஞானசீலன் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"ஒன் சம்சாரம் எவ்வளவுக்குக் குடுக்குது?"